புல்லுக்கு வைத்த மருந்து

நாய் ஏன் புல் தின்கிறது?

இதற்கு உங்கள் பாட்டியிடம் ரெடியாக ஒரு பதில் இருக்கும். ‘‘அதுக்கு வயிறு சரியில்லேடா... வாந்தி எடுக்கறதுக்காக மேயுது!’’ விஞ்ஞானிகள் பாட்டியை முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை. அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்துக்காரர்கள் நாய் வளர்க்கும் ஆயிரத்து ஐந்நூறுக்கும் அதிகமானவர்களிடம் இதைப் பற்றி விசாரித்து, 2008ல் முடிவை வெளியிட்டார்கள். புல் தின்பதற்கு முன் உடம்பு சரியில்லாமல் இருந்த நாய்கள் நூற்றுக்குப் பத்துகூட இல்லை. தின்ற பிறகு வாந்தி எடுத்தவையும் கால்வாசிக்கும் கம்மி. ஓநாய்கூட புல் தின்கிறது. ஆக, அது நோய் இல்லை. பரம்பரைப் பழக்கம்!

கோவளம் தாண்டி மாமல்லபுரம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையின் இரண்டு பக்கமும் பாருங்கள். ஒரு காலத்தில் சவுக்குத் தோப்பும் மணலுமாக இருந்த இடம். 2000த்துக்குப் பிறகு ரோடு அகலமாக, நிலம் மனையாயிற்று. மனைக்கு வேலி, வேலிக்குள்ளே ஒரு பங்களா, இல்லையென்றால் வெறும் புல். அந்தப் புல்லை என்ன செய்வது? முன்பானால் நாலு பெண்கள் களைக்கொத்தோடு வந்து உட்கார்ந்து, ஊர்க்கதை பேசிக்கொண்டே ரெண்டு நாளில் சுத்தம் செய்துவிடுவார்கள். இப்போது முதுகில் டேங்க் மாட்டிய ஒரே ஆள் வந்து அரை நாளில் ‘மருந்து’ அடித்துவிட்டுப் போய்விடுகிறார். செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மதுராந்தகம் பக்கத்து நெல் வரப்புகளிலும் இதே கதைதான். கூலிக்கு ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கட்டுப்படியாவதில்லை என்கிறார் விவசாயி. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

இங்கே அந்த ‘மருந்து’ என்கிற வார்த்தையைக் கொஞ்சம் கவனியுங்கள். காய்ச்சலுக்குக் கொடுப்பதும் மருந்து. பயிருக்கு அடிப்பதும் மருந்து. ‘மருந்து குடிச்சிட்டான்’ என்று கிராமத்தில் சொன்னால், யாரும் இருமல் சிரப்பை நினைத்துக்கொள்ள மாட்டார்கள். குணமாக்குவதற்கும் கொல்வதற்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, எப்படியோ குழப்பமில்லாமல் காலம் தள்ளிவிட்டோம்.

மருந்து அடித்த புல்லில் நடந்து, பாதத்தை நக்கி, தெளிப்பான் கழுவிய தண்ணீரைக் குடிக்கும் நாய்க்குத்தான் குழப்பம்!

சரி, சரித்திரத்துக்கு வருவோம்.

நாயின் மூச்சை நிறுத்துகிற விஷத்தை ஐரோப்பாவுக்குச் சப்ளை செய்த நாடுகளில் நம் நாட்டுக்கு முக்கியமான இடம் உண்டு. அது எட்டி மரம். ‘எட்டி பழுத்தென்ன?’ என்று பழமொழியிலேயே நாம் ஒதுக்கி வைத்த மரம். பார்க்க ஆரஞ்சுப் பழம் மாதிரி ஜோராக இருக்கும். உள்ளே சட்டைப் பொத்தான் மாதிரி தட்டையான விதைகள். அதைத்தான் நக்ஸ்வாமிகா என்று கப்பலேற்றினார்கள். இதே குடும்பத்தில் பிறந்த தேற்றாங்கொட்டையை உரைத்துப் போட்டால் கலங்கிய தண்ணீர் தெளியும். ஒரே குடும்பம்... அண்ணன் கொலைகாரன், தம்பி தண்ணீர் சுத்தம் செய்கிறவன்!

1809ல் பாரீஸில் மஜாந்தி என்கிற இளம் டாக்டர், ஜாவாவிலிருந்து வந்த ஓர் அம்பு விஷத்தை நாய்களுக்குச் செலுத்திப் பார்த்தார். அதுவும் எட்டி வகை மரத்திலிருந்து எடுத்ததுதான். நாய் வில்லாக விறைத்தது. விஷம் வேலை செய்யும் இடம் தண்டுவடம் என்று அவர் நிரூபித்தார். மருந்துகளை உயிருள்ள உடம்பில் சோதித்துப் பார்க்கும் இன்றைய மருந்தியலுக்கு அது ஓர் ஆரம்பம். ஒன்பது வருடம் கழித்து, 1818ல் பெல்த்தியே, கவாந்து என்கிற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் அந்த விஷத்தைத் தனியாகப் பிரித்தெடுத்து ஸ்ட்ரிக்னைன் என்று பெயர் வைத்தார்கள். அப்புறம் என்ன... எலி, நரி, ஓநாய் என்று ஆரம்பித்து, பல நாடுகளில் முனிசிபாலிட்டிக்காரர்கள் தெருநாய்க்கு வைக்கிற உருண்டைக்குள்ளும் அது போய்ச் சேர்ந்தது. ஸ்ட்ரிக்னைன் சாப்பிட்ட நாய்க்குக் கடைசிவரை நினைவு இருக்கும். மார்புத் தசைகள் எல்லாம் ஒரேயடியாக இறுகிப்போய், காற்றை இழுக்க முடியாமல் அது சாகிறது. இதைப் படிப்பதற்கே சங்கடமாக இருக்கிறது இல்லையா? பத்து நிமிஷம் நடக்கிற விஷயம் என்று சட்டம் போட்டவர்கள் அதை ‘சுலபமான வழி’ என்று நினைத்தார்கள்.

அந்தக் காலத்தில் சைதாப்பேட்டை, செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தது. கலெக்டர் ஆபீஸ்கூட அங்கேதான் இருந்தது. 1868ல் அங்கே ஒரு விவசாயப் பள்ளிக்கூடம் வந்தது. 1903ல் அதே சைதாப்பேட்டையில், டாபின் ஹால் என்ற கட்டடத்தில், இருபது மாணவர்களோடு மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரி துவங்கியது. பயிருக்கு மருந்து சொல்கிறவர்களும் மாட்டுக்கும் நாய்க்கும் மருந்து சொல்கிறவர்களும் கொஞ்ச காலம் ஒரே ஊர்க்காரர்களாக இருந்திருக்கிறார்கள்! 1906ல் விவசாயம் கோயம்புத்தூருக்கு ரயிலேறிவிட்டது. கால்நடைக் கல்லூரி வேப்பேரிக்குப் போயிற்று. அதன்பின் இரண்டு சாராரும் அடிக்கடி சந்தித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. களைக்கொல்லி டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று பிற்பாடு பார்க்கும்போது இது ஞாபகத்துக்கு வரும்.

இப்போது நம் கதாநாயகன் - வில்லன் என்றே சொல்லலாம் - மேடைக்கு வருகிறான். பெயர் பாராகுவாட்.

இவன் பிறந்தது 1882ல், வியன்னாவில். பெற்றோர் வைடல், ரூஸோ என்ற இரண்டு ரசாயன நிபுணர்கள். எதற்குப் பயன்படும் என்று அவர்களுக்கே தெரியாது. ஐம்பது வருடம் சோதனைச்சாலை அலமாரியில் சாதுவாக இருந்தான். 1933ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆராய்ச்சிக் கழகத்தில் லியோனார் மிக்கேலிஸ் என்ற மேதை (உயிர்வேதியியல் படித்த மாணவர்கள் மிக்கேலிஸ் - மென்ட்டன் சமன்பாட்டைச் சபித்திருப்பார்களே, அதே மிக்கேலிஸ்!) ஒரு வேடிக்கையைக் கவனித்தார். நிறமில்லாத இந்தப் பொருளுக்கு ஓர் எலெக்ட்ரானைக் கொடுத்தால் பளீரென்று நீல வயலெட் நிறமாகிவிடுகிறது. காற்று பட்டால், எலெக்ட்ரானை ஆக்ஸிஜனிடம் தள்ளிவிட்டு மறுபடி நிறமில்லாமல் போகிறது. ‘வயலோஜன்’ என்று செல்லப்பெயர் வைத்து, சோதனைக் குழாயில் நிறம் பார்க்கிற திரவமாக உபயோகித்தார். அவ்வளவுதான்.

எலெக்ட்ரானை வாங்கி ஆக்ஸிஜனிடம் தள்ளுவது - இந்த ஒரு வித்தையை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மீதிக் கதை முழுக்க அதுதான்.

1955ல் இங்கிலாந்தில், ஐ.சி.ஐ. கம்பெனியின் ஜீலட்ஸ் ஹில் ஆராய்ச்சிப் பண்ணையில் இதை இலையில் தெளித்துப் பார்த்தார்கள். இலை என்பது வெயிலைப் பிடித்து எலெக்ட்ரானை ஓடவிடும் ஒரு குட்டிப் பவர் ஹவுஸ். பாராகுவாட் அதன் நடுவில் போய் உட்கார்ந்து, ஓடிவரும் எலெக்ட்ரானை வழிப்பறி செய்து ஆக்ஸிஜனிடம் கொடுக்கிறது. அதை வாங்கிய ஆக்ஸிஜன் வெறிபிடித்த மாதிரி பக்கத்தில் இருக்கும் எல்லாவற்றையும் எரிக்கிறது. பாராகுவாட்டோ மறுபடி காலிக் கையோடு வந்து அடுத்த எலெக்ட்ரானுக்கு நிற்கிறது! ஒரு மூலக்கூறு ஆயிரம் தடவை திருடும். காலையில் அடித்தால், நல்ல வெயிலில் சாயங்காலத்துக்குள் புல் வாடிச் சுருண்டுவிடும். மண்ணில் விழுந்ததும் களிமண் அதை இறுகப் பிடித்துக்கொள்ளும். அதனால் அடுத்த வாரமே நாற்று நடலாம். இதைவிட விவசாயிக்கு என்ன வேண்டும்? 1962ல் ‘கிராமாக்ஸோன்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

அதிக நாள் ஆகவில்லை. நியூஸிலாந்தில் இரண்டு பேர் தவறுதலாக இதைக் குடித்து இறந்த விவரத்தை, புல்லிவண்ட் என்ற டாக்டர் 1966ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். அவரைக் குழப்பியது சாவு அல்ல, அது வந்த விதம். வயிற்றுக்குள் போன விஷம், நாட்கள் கழித்து நுரையீரலில் போய்க் கொன்றிருந்தது.

ஏன் நுரையீரல்? இதைக் கண்டுபிடிக்க ஐ.சி.ஐ.யின் விஞ்ஞானிகளுக்கே பல வருடம் ஆயிற்று. நுரையீரலின் செல்களுக்கு, புட்ரஸின் என்று ஒரு பொருள் தேவைப்படுகிறது. (பெயரைப் பார்த்து மூக்கைச் சுளிக்க வேண்டாம். அழுகிய மாமிச நாற்றத்துக்குக் காரணமானதும் அதுதான்!) அதை ரத்தத்திலிருந்து பொறுக்கி உள்ளே இழுத்துக்கொள்ள அந்த செல்களில் தனி வாசல் இருக்கிறது. பாராகுவாட்டின் உருவ அமைப்பு, தூரத்திலிருந்து பார்த்தால் புட்ரஸின் மாதிரியே தெரிகிறது. வாசல்காரன் ஏமாந்துபோய்க் கதவைத் திறந்துவிடுகிறான். ரத்தத்தில் இருப்பதைப்போலப் பல மடங்கு பாராகுவாட் நுரையீரலில் சேர்ந்துவிடுகிறது. உள்ளே போனால்... அங்கே இருப்பது என்ன? ஆக்ஸிஜன்! உடம்பிலேயே அதிகமாக ஆக்ஸிஜன் புழங்குகிற இடம் அதுதானே? இலையில் காட்டிய அதே திருட்டு வித்தையை அங்கே காட்டுகிறது. பாராகுவாட்டுக்கு டைகுவாட் என்று ஒரு சகோதரன் உண்டு. அவனும் களைக்கொல்லிதான், அவனும் விஷம்தான். ஆனால், முகஜாடை கொஞ்சம் வேறு. நுரையீரல் வாசலில் அவனை உள்ளே விடுவதில்லை. சிறுநீரகம், குடல் என்று அவன் வேறு பக்கம் போய்விடுகிறான். ஜாடையில் இருக்கிறது உயிர்!

நாய்க்கு இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். முதல் நாள் வாந்தி. வாயிலும் நாக்கிலும் புண். சாப்பிடாது. ரெண்டாம் நாள், மூன்றாம் நாள் கொஞ்சம் தேறின மாதிரி இருக்கும். ‘‘சரியாயிடுச்சுப்பா, எதையோ தின்னிருக்கு’’ என்று வீட்டில் நிம்மதியாக இருப்பார்கள். அப்புறம்தான் ஆரம்பிக்கும் மூச்சு. படுக்காது. முழங்கையை அகட்டிக்கொண்டு, கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தே இருக்கும். விலா எலும்பு ஏறி ஏறி இறங்கும். நாக்கு நீலமாகும். எக்ஸ்ரே எடுத்தால் நிமோனியா மாதிரி தெரியும். ஆண்டிபயாடிக் போடுவார்கள். கேட்காது. ஒரு வாரம், பத்து நாள். தப்பிப் பிழைத்தாலும் நுரையீரல் தழும்பேறி, பழைய ஸ்பாஞ்ச் போலக் கெட்டியாகிவிடும்.

இதில் ரொம்பக் கொடுமையான திருப்பம் ஒன்று உண்டு. மூச்சு வாங்குகிற பிராணிக்கு உலகத்தில் எந்த டாக்டரும் முதலில் செய்வது என்ன? ஆக்ஸிஜன் வைப்பது. இங்கே அதுதான் எரிகிற தீயில் எண்ணெய்! பாராகுவாட் கேட்பதே ஆக்ஸிஜனைத்தான். அதனால் மனிதரானாலும் நாயானாலும், வேறு வழியே இல்லை என்கிற கட்டம் வரும்வரை ஆக்ஸிஜன் கொடுக்காதே என்று பாடப்புத்தகத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். மூச்சுக்குத் தவிக்கும் ஜீவனின் பக்கத்தில் சிலிண்டரை வைத்துக்கொண்டு கையைக் கட்டி நிற்கவேண்டிய நிலைமை வேறு எந்த விஷத்திலும் அபூர்வம்.

மாற்று மருந்து? கிடையாது. முதல் சில மணி நேரத்துக்குள் கண்டுபிடித்தால், வயிற்றில் இருக்கும் விஷத்தைப் பிடித்துக்கொள்ள ஏதாவது கொடுக்கலாம். எதைக் கொடுப்பார்கள் தெரியுமா? மண்! வயலில் பாராகுவாட்டைக் கட்டிப்போடுகிற களிமண்ணின் குணம்தான் இங்கேயும் உதவுகிறது. அந்த மண் நமக்குத் தெரிந்த முல்தானி மட்டி இனம். பியூட்டி பார்லரில் முகத்துக்குப் பூசுகிறார்களே, அதே வகை. (அதற்காக வீட்டு டப்பாவைத் திறந்து நாய் வாயில் கொட்டக் கூடாது. மூச்சுக்குழாயில் போனால் அதுவே எமன். டாக்டரிடம் ஓடுவதுதான் சரி.) இல்லையென்றால் கரித்தூள். அதன்பின் சலைன், சிறுநீரகத்துக்குக் காவல், பிரார்த்தனை.

இந்த இடத்தில் மாமல்லபுரம் ரோட்டில் வடநெம்மேலியில் ஒரு நிமிஷம் இறங்க வேண்டும். முதலைப் பண்ணையைப் பார்க்கப் போயிருப்பீர்கள். அங்கேயே இருளர்களின் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கமும் இருக்கிறது. பாம்புத்தோல் வியாபாரம் நின்றுபோய், பாம்பு பிடிப்பதையே தொழிலாகக் கொண்ட இருளர்கள் பட்டினி கிடந்த நேரத்தில், ரோமுலஸ் விட்டேகரின் முயற்சியோடு 1978ல் ஆரம்பித்தது. தோலுக்காகப் பாம்பைக் கொன்ற கைகள், விஷத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பாம்பைத் திரும்பக் காட்டில் விடத் துவங்கின. அந்த விஷத்தைக் குதிரைக்குச் செலுத்தி விஷமுறிவு மருந்து தயாரிக்கிறார்கள். இந்த இனத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

செங்கல்பட்டு வட்டாரத்தில் ஒரு நாய் நல்ல பாம்பிடமோ, கட்டு விரியனிடமோ கடிபட்டாலும் மூச்சுதான் நிற்கும். மூச்சை இழுக்கும் தசைகள் செயலிழந்துவிடும். ஆனால், நுரையீரல் பழுதாவதில்லை. மனிதனுக்குப் போடுகிற அதே விஷமுறிவு ஊசியைப் போட்டு, தேவைப்பட்டால் செயற்கை சுவாசம் கொடுத்து, விஷம் இறங்கும்வரை தாக்குப்பிடித்தால், சில நாளில் அந்த நாய் வாலை ஆட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம். பல லட்சம் வருடமாகப் பாம்பு தயாரித்து வைத்திருக்கும் விஷத்துக்கு மருந்து இருக்கிறது, அதன் மூலப்பொருள் இதே கடற்கரையில் கிடைக்கிறது. 1955ல் மனிதன் கண்டுபிடித்த விஷத்துக்கு இன்னும் மருந்து இல்லை!

பூச்சிமருந்து இன்னொரு ரகம். நெல், கத்தரிக்கு அடிக்கிற ஆர்கனோபாஸ்பரஸ் பட்டால் நாய்க்கு உடனே எச்சில் ஒழுகும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், உடம்பு நடுங்கும், நெஞ்சில் சளி கட்டி மூச்சுத் திணறும். அதற்கு அட்ரோபின் இருக்கிறது. வயலில் ரொம்ப நாளாகப் புழங்குகிற 2,4-டி என்ற களைக்கொல்லியில் வேறு விதமான சிக்கல். மனிதனின் சிறுநீரகம் அதைச் சட்டென்று வெளியேற்றிவிடும். நாயின் சிறுநீரகத்துக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. நமக்கு ஒன்றும் செய்யாத அளவு அதற்குத் தாங்காது. மனிதனை வைத்துப் போட்ட கணக்கு எல்லா ஜீவனுக்கும் பொருந்தாது. அதனால்தான், மூச்சிரைக்கும் நாயைக் கொண்டுபோனால் விஷயம் தெரிந்த டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை எடுக்கும்போதே, ‘‘வீட்டுப் பக்கத்துல இந்த வாரம் யாராவது மருந்து அடிச்சாங்களா சார்?’’ என்று கேட்பார். ‘‘என்ன கலர் டப்பா? எடுத்துட்டு வாங்க!’’

வெறும் காய்ந்த புல்லைத் தின்று நாய் சாவது அபூர்வம் என்பதையும் சொல்லியாக வேண்டும். தெளித்தது காய்ந்து, மண்ணோடு ஒட்டிய பிறகு ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும். ஆபத்தெல்லாம் ஈரத்தில்தான். அடித்த கையோடு நடக்கிற நாய், வாளியில் கலந்து வைத்ததில் வாய் வைக்கிற நாய், மூடி சரியாக மூடாத கேனைக் கடித்து விளையாடுகிற குட்டி.

இன்னொன்றும் இருக்கிறது. சொல்லவே கூச்சமாக இருக்கிறது... வேண்டுமென்றே வைப்பது. 2003ல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் லாரல்ஹர்ஸ்ட் என்ற பூங்காவுக்கு வாக்கிங் வந்த நாய்கள் ஒவ்வொன்றாக மூச்சுத் திணறிச் செத்தன. பத்துக்கும் மேல். பூங்காவில் யாரோ மாமிசத்தில் பாராகுவாட் கலந்து போட்டிருந்தார்கள். நாய் செத்தது பல நாள் கழித்து என்பதால், எங்கே, எப்போது தின்றது என்று கண்டுபிடிப்பதற்குள் அடுத்த நாய் விழுந்தது. அதற்கு முன்னால், 1985ல் ஜப்பானில் இது மனிதர்களுக்கே நடந்திருக்கிறது. கூல்டிரிங்க் மெஷின் பக்கத்தில், ‘யாரோ மறந்துவிட்டுப் போன பாட்டில்’ என்று நினைத்து எடுத்துக் குடித்தவர்கள் பத்துப் பேருக்கும் அதிகமாக இறந்தார்கள். உள்ளே பாராகுவாட். கொலையாளி பிடிபடவே இல்லை. தாமதமாகக் கொல்கிற விஷம், கொலைகாரனுக்குத் தப்பிக்க நேரம் தருகிறது.

நாயின் மூச்சு நின்றால் பேப்பரில் வராது. தமிழர்களின் மூச்சு நின்றபோது வந்ததா என்றால், அதுவும் ரொம்பத் தாமதமாகத்தான்.

மலேசியாவின் ரப்பர், எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் முதுகில் டேங்க் சுமந்து பாராகுவாட் அடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அதில் ஏராளமானோர் நம் தமிழ்ப் பெண்கள், தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள். மூக்கில் ரத்தம் வடியும். நகம் கறுத்து விழும். தோட்டத்து டிஸ்பென்சரியில் பனடால் கொடுத்து அனுப்புவார்கள். ஐரீன் ஃபெர்னாண்டஸ் நடத்திய தெனகானித்தா என்ற அமைப்பு இந்தப் பெண்களைச் சந்தித்துப் பேசி, 2002ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதே வருடம் மலேசிய அரசு பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்துவதாக அறிவித்தது. தோட்ட முதலாளிகள் சும்மா இருப்பார்களா? 2006ல் தடை தளர்ந்தது. முழுத் தடை வருவதற்கு 2020 ஜனவரி ஆயிற்று. அந்தத் தோட்டங்களில் வீட்டு வாசலில் படுத்திருந்த நாய்களைப் பற்றி எந்த அறிக்கையும் கிடையாது.

இலங்கையின் அனுபவம் வேறு. 1995 வாக்கில் உலகத்திலேயே அதிகமாகத் தற்கொலை நடந்த நாடுகளில் அது ஒன்று. லட்சம் பேருக்கு சுமார் 47. பெரும்பாலும் பூச்சிமருந்தும் களைக்கொல்லியும்தான். கம்பெனிக்காரர்கள், வாந்தி வரவழைக்கும் பொருளை அதிகமாகச் சேர்த்து புது பாராகுவாட் கொண்டுவந்தார்கள். ஆராய்ந்து பார்த்ததில், நூற்றுக்கு 27 பேர் பிழைத்த இடத்தில் 37 பேர் பிழைத்தார்கள். அந்தப் பத்துப் பேருக்கு அது பெரிய விஷயம்தான். மீதி 63 பேர்? 2008லிருந்து 2011க்குள் பாராகுவாட்டையும் இன்னும் இரண்டு மருந்துகளையும் படிப்படியாகச் சந்தையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்பே ஆரம்பித்த தடைகளோடு சேர்த்துப் பார்த்தால், இருபது வருடத்தில் தற்கொலைச் சாவு மூன்றில் இரண்டு பங்குக்குமேல் குறைந்தது. மனுஷனுக்கு வருத்தம் குறையவில்லை. ஆத்திரப்பட்ட அந்த அரை மணி நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் அந்தப் பாட்டில் இல்லை, அவ்வளவுதான். ‘களைக்கொல்லி இல்லாவிட்டால் நெல் விளையாது’ என்று பயமுறுத்தியவர்களுக்கும் பதில் கிடைத்தது. 90களில் போட்ட தடைகளுக்குப் பிறகான விளைச்சல் கணக்கைப் பார்த்தபோது, தடையால் நெல் குறைந்ததாகத் தெரியவில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். 1958ல் பம்பாயிலிருந்து கொச்சிக்குக் கப்பலில் வந்த கோதுமை மூட்டைகள் மேல் ஃபாலிடால் என்கிற பூச்சிமருந்து கசிந்து, கேரளாவில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த அதிர்ச்சியில் கமிஷன் போட்டு, பத்து வருடம் யோசித்து, 1968ல் பூச்சிமருந்துச் சட்டம் கொண்டுவந்தார்கள். அந்தச் சட்டப்படி, ஆபத்தான மருந்தை ஒரு மாநிலம் அவசரமாக நிறுத்த நினைத்தால் 60 நாள்தான் நிறுத்தலாம். இன்னும் ஒரு 30 நாள் இழுக்கலாம். நிரந்தரத் தடை போடும் அதிகாரம் டெல்லியிடம். கேரளா 2011ல் பாராகுவாட் உட்படப் பல மருந்துகளை நிறுத்தியது. ஒடிஷாவில் பர்லா மருத்துவக் கல்லூரி டாக்டர்கள், கண்ணெதிரே இளைஞர்கள் சாவதைப் பார்த்துப் பொறுக்க முடியாமல், 2019ல் தாங்களே போராட்டத்தில் இறங்கினார்கள். அங்கேயும் 60 நாள்! தமிழ்நாடு 2022-23ல் ஆறு பூச்சிமருந்துகளை 60 நாள் நிறுத்தி வைத்தது. எலி பேஸ்ட்டுக்கு நிரந்தரத் தடை வந்தது. அந்த ஆறில் பாராகுவாட் இல்லை.

ஐரோப்பாவில் 2007ல் நீதிமன்றம் பாராகுவாட்டின் அனுமதியை ரத்து செய்தது. அதற்குப் பிறகும் இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டு ஆலையில் வருடக்கணக்கில் அது தயாராகிக்கொண்டுதான் இருந்தது. சொந்த ஊர்ப் புல்லுக்கு இல்லை, ஏற்றுமதிக்கு. ஆபத்தான ரசாயனத்தை அனுப்பும் முன் வாங்கும் நாட்டிடம் தகவல் சொல்லி அனுமதி பெறவேண்டும் என்கிற ராட்டர்டாம் ஒப்பந்தப் பட்டியலில் பாராகுவாட்டைச் சேர்க்கப் பல தடவை முயன்றார்கள். எல்லா நாடும் சம்மதித்தால்தான் சேர்க்க முடியும். ஆட்சேபித்துத் தடுத்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

டப்பாவுக்கு வருகிறேன். நம் நாட்டில் பூச்சிமருந்து, களைக்கொல்லி டப்பா ஒவ்வொன்றிலும் சாய்சதுரத்துக்குள் ஒரு முக்கோணம் இருக்கும். சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம். அடுத்தது மஞ்சள். பிறகு நீலம், பச்சை. பாராகுவாட்டுக்கு மஞ்சள்தான். எந்த அளவு கொடுத்தால் சோதனைச்சாலைப் பிராணிகளில் பாதி சாகிறது என்கிற கணக்கை வைத்து அந்தக் கலர். உள்ளே போனால் திரும்ப வழி உண்டா, மாற்று மருந்து இருக்கிறதா, நுரையீரல் மிஞ்சுமா - இதையெல்லாம் அந்த முக்கோணம் சொல்லாது. சிவப்பு முக்கோணம் போட்ட சில மருந்துகளுக்கு அட்ரோபின் ஊசி இருக்கிறது. மஞ்சளுக்கு இல்லை! விவசாயக் கல்லூரியும் கால்நடைக் கல்லூரியும் சைதாப்பேட்டையிலேயே இருந்திருந்தால் இந்த லேபிளை இப்படி எழுதியிருப்பார்களா என்று எனக்கு ஒரு சந்தேகம்.

கடைசியாக, மிக்கேலிஸின் அந்த வயலெட் கலர். பாராகுவாட் சாப்பிட்டதா இல்லையா என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. முதல் ரெண்டு மூன்று நாளுக்குள் சிறுநீரைக் கொஞ்சம் பிடித்து, அதில் சோடியம் டைதயோனைட் என்ற பொடியையும் காரத்தையும் சேர்க்க வேண்டும். பொடி ஒன்றும் அபூர்வச் சரக்கு இல்லை. நீலச்சாயம் போடுகிறவர்கள் ‘ஹைட்ரோஸ்’ என்று மூட்டையில் வாங்குகிற அதே சமாச்சாரம்தான். அது பாராகுவாட்டுக்கு ஓர் எலெக்ட்ரானைத் தருகிறது. 1933ல் நியூயார்க்கில் நடந்தது இங்கே மறுபடி நடக்கிறது. மஞ்சளாக இருந்த சிறுநீர் கண்ணெதிரே நீலமாகிவிடும். லேசான நீலம் என்றால், போராடிப் பார்க்கலாம். கரும் நீலம் என்றால், டாக்டர் டெஸ்ட் ட்யூபை ஸ்டாண்டில் வைத்துவிட்டு, நாயைத் தூக்கிக்கொண்டு வந்தவரை உட்காரச் சொல்வார்.